டேப் சுற்றிய ஜாயிண்ட்

மெக்கானிக் கையை வைத்தால் விளக்கு அணைந்தது. எடுத்தால் எரிந்தது.

சமையலறை மேடைக்கு அடியில், இரண்டு அலமாரிகளுக்கு நடுவே நெருக்கிச் செருகியிருந்த பாத்திரம் கழுவும் மிஷின் அது. கதவின் மேல்விளிம்பில் மிளகு அளவுக்கு ஒரு பச்சை விளக்கு. மூன்று தரம் தொட்டான், மூன்று தரமும் அணைந்தது. வேறொருவனாக இருந்தால் ஒரு நிமிடம் யோசித்திருப்பான். இவன் 'ச்சு' கொட்டினான். எங்கோ ஒரு ஒயர் லூஸ், தரை அதிர்ந்தால் விடுகிறது. இதைக் கண்டுபிடிக்காமல் இதற்கு முன்னால் வந்த இரண்டு மெக்கானிக்குகள் கையைப் பிசைந்துகொண்டு போயிருக்கிறார்கள். ஒருவன் டார்ச்சைக்கூட எடுக்காமல் ஓடியிருக்கிறான். கம்பெனியில் இவனுக்கு 'டாக்டர்' என்று பட்டப்பெயர். கேலியாக வைத்த பெயரைப் பாராட்டு என்று நினைத்துக்கொண்டு திரிகிற ஆள்.

"எப்பெல்லாம் நிக்குது?"

"ஓடிட்டே இருக்கும், திடீர்னு நின்னுடும் சார்" என்றாள் வீட்டுக்கார அம்மா. "கொஞ்ச நேரம் கழிச்சு அதுவா ஓடும். யாராவது இதைக் குறை சொன்னா கட்டாயம் நிக்குது."

அவன் சிரிப்பை மறைக்கக்கூட மெனக்கெடவில்லை. நாலு பாத்திரம் தேய்க்க வளையாத உடம்புகள், மிஷின் நின்றால் மட்டும் கதை கட்டும் என்று நினைத்துக்கொண்டான்.

மெயின் ஸ்விட்ச் வாசல் கதவை ஒட்டிய நடையில், சமையலறையிலிருந்து பார்த்தால் தெரியாத இடத்தில் இருந்தது. மின்சாரத்தை நிறுத்தியதும் ஒயரில் டெஸ்டர் வைத்துப் பார்த்த பிறகே கை வைக்க வேண்டும் என்பது கம்பெனி விதி. அதெல்லாம் புதிதாகச் சேர்ந்தவர்களுக்கு. இவன் வழக்கம் வேறு. வீட்டு ஆள் யாரையாவது மெயின் பக்கத்தில் நிறுத்திவிட்டு, படுத்த இடத்திலிருந்தே குரல் கொடுப்பான். அவர்கள் திருப்பிச் சொல்வார்கள். அதுபோதும்.

"நான் ஆஃப்னா ஆஃப், ஆன்னா ஆன். வேற எதையும் நோண்டாதீங்க."

அவள் தலையாட்டிவிட்டுப் போனாள். அவன் மிஷினின் கீழ்ப்பலகையைக் கழற்றி, கன்னம் தரையில் பட ஒருக்களித்துப் படுத்து, டார்ச்சை வாயில் கவ்விக்கொண்டு வலது கையை உள்ளே விட்டான். பழைய சோப்புத் தண்ணீரின் புளித்த வாடையும், காய்ந்த ரப்பர் வாடையும், அதற்கெல்லாம் அடியில் அடுப்பில் விழுந்த தலைமுடி பொசுங்கியது போன்ற மெல்லிய நாற்றமும் முகத்தில் வந்து படிந்தன. வெளியே மழை தூற ஆரம்பித்திருந்தது.

"ஆஃப்."

'டக்.' "ஆஃப் பண்ணிட்டேன் சார்."

ஒரு ஒயரைக் கழற்றினான். "ஆன்." மீட்டரில் பார்த்தான். மோட்டார் சரி, கதவு ஸ்விட்ச் சரி. அப்படியானால் கரண்ட் வருகிற வழியில்தான் கோளாறு.

"ஆஃப்."

'டக்.' "ஆஃப்."

இந்த முறை ஆண் குரல். ஓ, வீட்டு எஜமான் மேற்பார்வைக்கு வந்துவிட்டார் என்று நினைத்துக்கொண்டான். கை இன்னும் உள்ளே போனது. ஜாயிண்ட் விரலில் தட்டுப்பட்டது. பெட்டி இல்லை, கனெக்டர் இல்லை. இரண்டு ஒயரை முறுக்கி, மேலே ஒரு ரோல் டேப்பையே தீர்த்திருந்தான் புண்ணியவான்.

டார்ச்சைத் துப்பினான். "சார், இந்த ஜாயிண்ட்டை எந்த மடையன் போட்டது?"

வெளியே மழை வலுத்தது.

"நான்தான்."

வாயை மூடிக்கொண்டு சிரித்தான். மன்னிப்புக் கேட்கத் தோன்றவில்லை.

"கையை இன்னும் கொஞ்சம் உள்ள விடுங்க" என்றது குரல். "அப்பதான் பிரிக்க வரும்."

விட்டான். டேப்பைப் பிய்த்தான். பிசுபிசுவென்று வந்தது. உள்ளே செம்பு கருகி, ஒயர் இரண்டாக அறுந்திருந்தது. இதுவரை டேப்தான் இரண்டையும் சேர்த்துப் பிடித்திருந்தது. இரண்டு முனைகளும் இப்போது அவன் விரல்களுக்குள். கையை இழுத்துப் பார்த்தான். கடிகாரப் பட்டை எதிலோ மாட்டிக்கொண்டிருந்தது. வரவில்லை.

அப்போது சமையலறையின் பின்கதவு திறந்தது. இடுப்பில் துணிக்கூடையோடு, தலை நனைந்து, வீட்டுக்கார அம்மா உள்ளே வந்தாள்.

"மன்னிச்சிடுங்க சார். மழை வந்துச்சா, வாசல் வழியா சுத்திப் போய்த் துணி எடுத்தேன். கூப்பிட்டீங்களா?"

"பரவால்ல, உங்க வீட்டுக்காரர்தான் நிக்கிறாரே."

அவள் கூடையை இறக்கவில்லை.

"அவர் போய் ரெண்டு மாசம் ஆச்சு சார்."

"எங்க போய்?"

"இதே இடத்துலதான். உங்களை மாதிரியேதான் படுத்திருந்தார். ஜாயிண்ட்டை எல்லாரும் குறை சொல்றாங்கன்னு மறுபடி பிரிச்சுக் கட்டப் பாத்தார்." ஈரத் தலையைப் புறங்கையால் துடைத்தாள். "எனக்கு அவர் குரல் கேக்காது. வர்ற மெக்கானிக்குங்களுக்குத்தான் கேக்குது."

கையை இழுத்தான். பட்டை இறுகியது. மறுபடி இழுத்தான். விரல்கள் மரத்துப்போய் முனைகளை விட மறுத்தன. தரையில் ஈரம். கன்னத்துக்கடியில். தோளுக்கடியில். எப்போது வந்தது இவ்வளவு ஈரம்?

"மெயினுக்குப் போங்க" என்றான். "போய் நில்லுங்க. யாரையும் தொட விடாதீங்க."

அவள் நகரவில்லை.

நடையிலிருந்து குரல் வந்தது. பொறுமையாக.

"சொல்லுங்க. ஜாயிண்ட் எப்படி இருக்கு?"

வியர்வை கண்ணுக்குள் இறங்கியது. மோசம் என்றால்? இன்னொரு முறை குறை சொன்னால்?

"உங்களைத்தான் கேக்கறேன்."

"நல்லா இருக்கு சார்." வாழ்க்கையில் முதல்முறையாக இன்னொருவன் வேலையை அவன் பாராட்டினான். "ரொம்ப நல்லா இருக்கு. குறையே இல்ல."

"அப்படியா?"

குரலில் அப்படி ஒரு சந்தோஷம்.

"அப்ப போட்டுடறேன்."

'டக்.'

பச்சை விளக்கு எரிந்தது. மிஷினுக்குள் தண்ணீர் ஏறியது. வீட்டுக்கார அம்மா துணிக்கூடையை மெதுவாகக் கீழே வைத்துவிட்டு, குனிந்து விளக்கைப் பார்த்தாள். அவனுடைய குதிகால்கள் இரண்டும் தரையை அடித்துக்கொண்டே இருந்தன. அத்தனை அதிர்விலும் இந்தத் தடவை அது அணையவில்லை.