மாற்றுக் கை

பஸ்ஸை விட்டு இறங்கும்போதே ரோட்டில் கணுக்கால் அளவு தண்ணீர். ஷரீஃபுன்னிசா முக்காட்டை இழுத்து ஊசி குத்திக்கொண்டு, கஞ்சித் தூக்குச்சட்டியை மார்போடு அணைத்தபடி ஆஸ்பத்திரிக்குள் நுழைந்தாள். கஞ்சி அவளுக்கும் கொழுந்தன் மன்சூர் அலிக்கும்தான். அவள் கணவன் நாகூர் மீரான் எதையும் விழுங்கும் நிலையில் இல்லை.

தாராவியில் தோல் பட்டறையில் வேலை செய்பவன். தோலைச் சுரண்டிக்கொண்டிருந்தவன் அப்படியே சரிந்து விழுந்தான். வலிப்பு. ஒன்று நின்று நினைவு திரும்புவதற்குள் அடுத்தது வந்தது. டாக்டர்கள் ஊசிக்கு மேல் ஊசி போட்டு ஒருவழியாக வலிப்பை அடக்கினார்கள். அடக்கிய மருந்து மூச்சையும் சேர்த்து அடக்கிவிட்டது. பிள்ளையார் பிடிக்கப் போய்க் குரங்காய் முடிந்த கதைதான்.

இப்போது அவன் தொண்டையில் துளை போட்டு ஒரு குழாய் செருகியிருந்தது. குழாயின் முனையில் கறுப்பு ரப்பர் பை. அமுக்கினால் அவன் நெஞ்சு உயரும். விட்டால் தாழும். மருந்தின் வேகம் குறைந்ததும் தானாக மூச்சு விடுவான், அதுவரை யாராவது அமுக்கிக்கொண்டே இருக்க வேண்டும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். மூச்சு மெஷின் அந்த வார்டில் ஒன்றே ஒன்று. அது பக்கவாதம் கண்ட ஒரு மராத்திக் கிழவருக்குப் போய்விட்டது. மற்றவர்களுக்குச் சொந்தக்காரர்களின் கைதான் மெஷின்.

அதனால் அங்கே ஒரு வழக்கம் ஏற்பட்டிருந்தது. ஒருத்தருக்குக் கை ஓய்ந்தால் பக்கத்துக் கட்டில்காரர் வந்து அமுக்குவார். பிறகு அவர் ஓயும்போது இவர் போய்த் திருப்பிச் செய்ய வேண்டும். மாற்றுக் கை என்பார்கள். ஜாதி மதம் பார்க்கிறவன் கூட அந்த வார்டுக்குள் அதைப் பார்த்ததில்லை.

"மத்தியானம் லுஹர் பாங்குக்கு முன்ன வந்திருவேன் மைனி" என்றான் மன்சூர் அலி. விடிய விடிய அமுக்கியதில் அவன் விரல்கள் வீங்கியிருந்தன. "குர்லாவுல முதலாளிகிட்ட தலையக் காட்டிட்டு ஓடி வாரேன். விட்டுராதிய."

"நான் விடுவேனா?" என்றாள்.

அமுக்கினாள். விட்டாள். வார்டு முழுக்க அந்த ஊசிமருந்தின் நெடி. புளித்துப்போன பழமும் வார்னிஷும் கலந்த மாதிரி ஒரு நெடி. நாகூர் மீரானின் வியர்வையிலும் அதுதான் அடித்தது. பட்டறையிலிருந்து தோல் நாற்றத்தோடு வரும் மனிதனை எத்தனை தடவை குளித்துவிட்டு உள்ளே வரச் சொல்லி விரட்டியிருக்கிறாள். அந்த நாற்றம் திரும்பி வந்தால் போதும் என்று இருந்தது அவளுக்கு.

மழை பிடித்துக்கொண்டது. பகல் என்று சொல்ல முடியாதபடி ஜன்னலெல்லாம் இருண்டது. பாங்கு நேரம் வந்தது. மன்சூர் அலி வரவில்லை. குர்லாவுக்கும் சயானுக்கும் நடுவே தண்டவாளம் முங்கிவிட்டது, லோக்கல் ஒன்றும் ஓடவில்லை என்று வார்டு பாய் இந்தியில் சொல்லிவிட்டுப் போனான். அடுத்த டூட்டிக்கு வரவேண்டிய நர்ஸுகளும் வரவில்லை.

அப்போது கரெண்ட் போயிற்று.

மெஷினின் சத்தம் நின்றது. காலை டூட்டி முடிந்தும் போக முடியாமல் நின்றுவிட்ட நர்ஸ், சிஸ்டர் ஏலியம்மா, ஓடிப்போய்க் கிழவரின் குழாயில் ஒரு பையை மாட்டி அமுக்க ஆரம்பித்தாள். இனி அவள் அங்கிருந்து நகர முடியாது. "நிறுத்தக் கூடாது கேட்டோ!" என்று மலையாளம் கலந்து அங்கிருந்தே கத்தினாள்.

ஷரீஃபுன்னிசாவின் கை மரத்துவிட்டது. விரல் தன்னுடையதா என்பதே தெரியவில்லை. கண் தானாக மூடியது. திடுக்கிட்டுத் திறந்தால் கணவனின் உதடு நீலம் பாரித்திருந்தது. "யா அல்லாஹ்" என்று அலறி இரண்டு கையாலும் அமுக்கினாள். நீலம் மெல்லத்தான் விலகியது. இன்னொரு தடவை கண் அசந்தால் அவன் இல்லை. அது அவளுக்கு நன்றாகத் தெரிந்தது.

வார்டின் மூலையில் பச்சைத் துணி மறைப்பு ஒன்று நின்றது. அதற்குப் பின்னாலிருந்தும் பை அமுக்கும் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது.

புஸ்.

புஸ்.

அந்தச் சத்தம் நின்றது. மறைப்பைத் தள்ளிக்கொண்டு ஒருத்தி வந்தாள். காபிப்பொடி நிறத்தில் நூல் சேலை, கலைந்த கொண்டை.

"கை ஓஞ்சு போச்சா யக்கா? நவுரு, நான் அமுக்குதேன்."

திருநெல்வேலிப் பேச்சைக் கேட்டதும் ஷரீஃபுன்னிசாவுக்கு அழுகையே வந்துவிட்டது. "உங்க வீட்டுக்காரருக்கு?"

"அவருக்கு இப்ப அவசரமில்ல."

அந்தப் பதில் கொஞ்சம் உறுத்தியது. ஆனால் உறுத்தலைப் பார்க்கிற நேரமா அது?

"நான் உனக்குப் பிடிக்கேன். நீ எனக்கு ஒரு வாட்டி வந்து பிடிக்கணும்."

"கட்டாயம் வாரேன்."

"உன் மச்சான் மூச்சு மேல சத்தியமாச் சொல்லு."

ஷரீஃபுன்னிசா சொன்னாள். வந்தவளின் கை பையின் மேல் படிந்தது. விரல்கள் வளைந்தே இருந்தன, நிமிரவே இல்லை. பட்ட இடம் சில்லென்றது. ஷரீஃபுன்னிசா தரையில் உட்கார்ந்து கட்டில் காலில் தலையைச் சாய்த்தது மட்டும்தான் நினைவிருந்தது.

தோளைத் தொட்டு எழுப்பியது சிஸ்டர் ஏலியம்மா. விளக்கு எரிந்துகொண்டிருந்தது. "தானா மூச்சு விடறார், பாருங்க!"

பை தலையணை ஓரமாகக் கிடந்தது. நாகூர் மீரானின் நெஞ்சு தன்பாட்டில் ஏறி இறங்கியது. அவள் அவன் காலைப் பிடித்துக்கொண்டு தேம்பினாள்.

"நல்லா பிடிச்சீங்க" என்றாள் சிஸ்டர். "அங்கிருந்து பாத்துட்டே இருந்தேன். முக்காடு விழுந்ததுகூடத் தெரியாம நின்னீங்க."

ஷரீஃபுன்னிசா தலையைத் தொட்டுப் பார்த்தாள். காலையில் குத்திய ஊசியோடு முக்காடு அப்படியே இருந்தது.

"நான் இல்ல சிஸ்டர். அந்த மூலைக் கட்டில் பொம்பள."

சிஸ்டரின் சிரிப்பு மறைந்தது. போய் மறைப்பை நகர்த்தினாள். கட்டிலே இல்லை. காலி ஆக்ஸிஜன் சிலிண்டர்கள் தூசி படிந்து நின்றன.

"விரல் வளைஞ்சிருந்ததா?" என்று மட்டும் கேட்டாள்.

பிறகு நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டு தாழ்ந்த குரலில் சொன்னாள். "போன மழைக்கு வந்தா. பேர் பேராச்சி. லேபர் கேம்ப்ல குடியிருந்தவ. எல்லார்கிட்டயும் மாத்துக் கை கேட்டா. அன்னைக்கும் ரோடெல்லாம் வெள்ளம், அவங்கவங்களுக்கு அவங்கவங்க ஆளு. நானும் இதோ வரேன்னு சொன்னேன். போகல. அவ கண் அசந்த நேரத்துல புருஷன் போயிட்டான். அப்புறமும் விடல. செத்த உடம்புக்குச் சாயங்காலம் வரைக்கும் அமுக்கினா. அந்த வாரமே அவளும் போயிட்டா."

ஆற்றைக் கடக்கும் வரை அண்ணன் தம்பி, கடந்தபின் நீ யாரோ நான் யாரோ என்பார்கள். நாகூர் மீரான் கண் விழித்தான். தொண்டைக் குழாயை எடுத்தார்கள். தண்ணீர் குடித்தான். பேசினான். ஷரீஃபுன்னிசா அந்த மூலையை ஏறிட்டுப் பார்க்கவே இல்லை. கட்டில் இல்லை, ஆள் இல்லை, எங்கே போய் என்னத்தைப் பிடிப்பது என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டாள். உள்ளுக்குள் வெட்கமாகத்தான் இருந்தது. பயம் அதைவிடப் பெரிதாக இருந்தது.

வீட்டுக்குப் புறப்பட்ட அன்று கணவனைக் கைத்தாங்கலாக நடத்திக்கொண்டு அந்த மறைப்பைக் கடந்தாள்.

"யக்கா, என் முறை."

அவள் திரும்பவில்லை. நடையை வேகமாக்கினாள்.

வீட்டுக்கு வந்து சில நாள் ஒன்றுமில்லை. ஒரு வெள்ளிக்கிழமை மத்தியானம். வெளியே நல்ல வெயில், சந்தில் தகரத்தைத் தட்டும் சத்தம், யாரோ யாரையோ இந்தியில் ஏசிக்கொண்டிருந்தார்கள். நாகூர் மீரான் சுவரில் சாய்ந்து உட்கார்ந்து சோற்றில் ஊற்றிய மீன் ஆணத்தைப் பற்றிக் குறை சொல்லிக்கொண்டிருந்தான்.

"உப்பு பத்தலைடி. ஒனக்கு எப்பவுமே..."

நின்றுவிட்டான்.

வலிப்பு இல்லை. உடம்பு அசையவில்லை. நெஞ்சும் அசையவில்லை. கண்கள் மட்டும் அகலத் திறந்து அவளையே பார்த்தன.

"மச்சான்!"

ஊசிமருந்தின் நெடி அறைக்குள் குப்பென்று அடித்தது.

"அமுக்கு, யக்கா."

குரல் சுவரோரத்திலிருந்து வந்தது. அங்கே பாய் சுருட்டி வைத்திருந்தது, அவ்வளவுதான். அவள் கைகள் தாமாக முன்னே நீண்டன. வெறும் காற்றில் விரல்களை மடக்கினாள்.

நாகூர் மீரானின் நெஞ்சு உயர்ந்தது.

கூடவே சுவரோரத்தில் இன்னொரு மூச்சும் ஏறியது. கனத்த, சளி கட்டிய, ஆண்பிள்ளை மூச்சு.

கையை எடுத்தாள். இரண்டும் நின்றன.

மடக்கினாள். இரண்டும் வந்தன.

அதற்குமேல் அவள் சோதித்துப் பார்க்கவில்லை. அமுக்கினாள், விட்டாள். அவன் கண்ணில் நீர் வழிந்தது, துடைக்க அவளுக்குக் கை இல்லை. கூப்பிட்டுப் பார்த்தாள், தகரத்தைத் தட்டும் சத்தத்தில் யாருக்கும் கேட்கவில்லை. வெயில் வாசலைத் தாண்டி மெல்ல நகர்ந்தது. முதலில் சுண்டுவிரல் மரத்தது, பிறகு உள்ளங்கை, பிறகு முழங்கை வரை.

ஜும்ஆ தொழுகை முடித்துத் தொப்பியோடு மன்சூர் அலி உள்ளே வந்தான். அண்ணன் சாய்ந்தபடி ஓய்வெடுக்கிறார் என்று நினைத்துக் குரலைத் தாழ்த்தினான்.

"என்ன மைனி, வெறுங்காத்தப் போட்டுப் பிசையுதிய?"

அவள் அவனைப் பார்த்தாள். தாய் பிள்ளையைப் போல் பழகியவன், கல்யாணம் பேசி வைத்திருக்கிற பையன். சொன்னால் வாங்குவானா? ஆபத்துக்குப் பாவமில்லை என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டாள். அதை அவளே நம்பவில்லை.

"கை ஓஞ்சு போச்சு தம்பி" என்றாள். "கொஞ்சம் மாத்திக்கிடுதியளா?"

"தூக்கமில்லாம ஒங்களுக்கும் கோட்டி பிடிச்சிருச்சு" என்று சிரித்தான். "சரி, தாங்க." விளையாட்டாக அவள் கைகளுக்கு மேல் தன் கைகளைக் குவித்தான்.

அவள் தன் கைகளை உருவிக்கொண்டாள்.

நாகூர் மீரானின் நெஞ்சு ஏறி இறங்கியது. மன்சூர் அலியின் சிரிப்பு அப்படியே நின்றது. விரல்களைப் பிரிக்கப் பார்த்தான், முடியவில்லை.

"மைனி, என்ன இது? ரப்பர் மாதிரி... சூடா இருக்கு."