கழுத்தில் தொங்கிய சாவி

"காலங்காத்தால பட்டுச்சேலையக் கட்டி, விறகடுப்ப ஊதி, அதப் படம் புடிச்சுப் போடவாடி உன்னப் படிக்க வெச்சேன்..."

"ஆமா! அதத்தான் செய்வேன்! லட்சம் பேர் பாக்காக..."

"அந்த லட்சம் பேரா வந்து சோறு போடுவாக?"

"எம்புருசன் போடுவாரு!"

செல்லத்தாயை ஏற்ற வந்த பனியன் கம்பெனி வேன் ஹாரன் அடித்துப் பார்த்துவிட்டுப் போய்விட்டது. மகள் வேலை பார்த்த எக்ஸ்போர்ட் கம்பெனியில் மறுபடி கூப்பிட்டிருக்கிறார்கள். இன்றைக்குள் பதில் சொல்லியாக வேண்டும். முடியாது என்று நின்றாள் விஜயராணி, தலை நிறையப் பூவோடு, இடுப்பில் குழந்தையோடு.

"உங்கப்பா போனதும் உன்னத் தூக்கிக்கிட்டு சங்கரன்கோயில்ல இருந்து இந்த ஊருக்கு வந்தேன். ஓவர்லாக் தையல் மிஷின்ல ஒன்றரை ஷிப்ட் குனிஞ்ச முதுகுடி இது! யாருக்காக?"

"எனக்காகத்தான்! பள்ளிக்கூடம் விட்டா மத்த பிள்ளைகளுக்கு வாசல்ல அம்மா நிப்பா. எனக்குக் கழுத்துல சாவி தொங்கும். நானே தொறந்து, நானே லைட்டப் போட்டு... பயத்துல டிவியச் சத்தமா வெச்சுட்டு உக்காந்திருப்பேன். எம்பிள்ளைக்கு அந்தச் சாவி வேண்டாம்மா. கதவத் தொறக்க நா இருப்பேன்!"

துணிக்குள்ளேயே ஊசி முறிந்ததுபோல் இருந்தது செல்லத்தாய்க்கு. பனியன் துணியில் நாடா கிழித்து, சாவியைக் கோத்து மாட்டிவிட்டவள் அவள்தான். என் பிள்ளை கெட்டிக்காரி, தனியா இருந்துக்கிடுவா என்று பெருமை பேசியவளும் அவள்தான்!

"ஒரு நாளும் எங்கிட்டச் சொல்லலியேடி..."

"நீ தூங்கி விழுந்துக்கிட்டே சோறு ஊட்டுவ. உங்கிட்ட என்னத்தச் சொல்ல?"

இருவரும் கட்டிக்கொண்டு அழுதார்கள். செல்போன் அடித்தது. விஜயராணியின் கணவன் அருண்பாண்டி. குரல் வெளியே கேட்டது.

"எங்க இருக்க?"

"அம்மா வீட்டுலங்க..."

"யாரக் கேட்டுப் போன? அடுப்பு வீடியோ யாரு எடுக்கிறது? அம்மா வீடுதான்னு போட்டோ அனுப்பு."

முந்தானையால் கண்ணைத் துடைத்தாள் விஜயராணி. தாயைப் பக்கத்தில் இழுத்து, சிரித்து, படம் எடுத்து அனுப்பினாள். ஈரம் காயாத முகத்தில் அந்தச் சிரிப்பு... வீடியோவில் லட்சம் பேர் பார்க்கும் அதே சிரிப்பு!

"தெனமும் இப்பிடித்தானா?"

"பாசத்துல கேக்காரும்மா..." முகத்தைத் திருப்பிக்கொண்டாள். "ஆட்டோவுக்கு... இருக்கா?"

அதே வீடு, அதே பூட்டு. ஆணியில் தொங்கிய பழைய சாவியைச் செல்லத்தாய் எடுத்தாள். அழுக்கேறிய நாடாவோடு, ஆட்டோக் காசோடு, மகளின் உள்ளங்கையில் வைத்து விரல்களை மடக்கினாள்.

"வேலைக்குப் போன்னு இனிச் சொல்ல மாட்டேன். இது மட்டும் உங்கிட்ட இருக்கட்டும்."

விஜயராணி குனிந்த தலை நிமிராமல் ஆட்டோவில் ஏறினாள். செல்லத்தாய் கம்பியைப் பிடித்துக்கொண்டு கூடவே நாலடி நடந்தாள்.

"ஒன்றரை ஷிப்ட்டு இனி வேண்டாம்னு கம்பெனில இன்னைக்கே சொல்லிருதேன். இந்தத் தடவ நீ தொறந்தா, உள்ள நா இருப்பேன் தாயி..."