தட்டினால் பதில் சொல்லணும்

கதவைத் தள்ளியதும் அடைத்துக் கிடந்த வீட்டின் வாடை முகத்தில் அடித்தது. ஈரச் சுவர், பழந்துணி, அதற்கும் அடியில் எங்கோ வலித் தைலம். பெயிண்டர் வாளியைக் கீழே வைத்தான். மதிய வெயில் வாசலோடு நின்றுகொண்டது, உள்ளே வரவில்லை.

அவனை வளர்த்த அம்மா தனியாக இருந்து செத்துப்போன வீடு அது. வண்ணம் அடித்து வாடகைக்கு விட வேண்டும். பெண்டாட்டிக்கு லீவு கிடைக்கவில்லை, பிள்ளைக்குப் பள்ளிக்கூடமும் இல்லை. வேறு வழியில்லாமல் மகளையும் கூட்டி வந்திருந்தான். வாலு என்றுதான் அவளைக் கூப்பிடுவார்கள். இருட்டு, நாய், ஊசி எதற்கும் அசராத பிள்ளை.

"இங்க பேய் இருக்காப்பா?" என்று ஆசையாய்க் கேட்டாள்.

"இருந்தா வாடகை கேளு."

சாவியை வைத்திருந்தவள் பக்கத்து வீட்டுத் தையல்காரி. கடைசி நாட்களில் அம்மா படுத்தபடியே சுவரைத் தட்டிக்கொண்டிருந்தாள் என்று அவள் சொன்னாள். பாவம் பார்த்து இவள் அடுத்த அறையில் போய் உட்கார்ந்து பதிலுக்குத் தட்டியும் பார்த்திருக்கிறாள்.

"இது என் புள்ள கை இல்லன்னுட்டாங்க தம்பி. அப்புறமும் விடல, தட்டிக்கிட்டேதான் இருந்தாங்க."

அது அந்த வீட்டுப் பழக்கம். முன்னறையில் அவன் படுப்பான், பின்னறையில் அம்மா. விளக்கை அணைத்ததும் நடுச்சுவரை அவள் இரண்டு தட்டு தட்டுவாள். அவனும் இரண்டு தட்ட வேண்டும். உயிரோடு இருக்கிறேன் என்று அதற்கு அர்த்தம். பதில் வராவிட்டால் எழுந்து வந்து மூக்குக்குக் கீழே விரலை வைத்துப் பார்ப்பாள். வேலைக்குப் போன புருஷன் திரும்பி வராமலே போனவள் அவள்.

கல்யாணமான புதிதில் அவனும் தூங்கும் பெண்டாட்டியின் மூக்கில் விரல் வைத்தான். முதலில் சிரித்தவள் பிறகு டாக்டரிடம் இழுத்துப் போனாள். இந்தப் பதற்றம் சிலருக்கு ரத்தத்திலேயே வரும், சிலர் பெற்றவர்களைப் பார்த்துக் கற்றுக்கொள்வார்கள் என்றார் டாக்டர். அவனுக்கு வயிற்றில் பால் வார்த்தது போல இருந்தது. ஏனென்றால் அவன் அநாதை இல்லத்திலிருந்து எடுத்து வளர்த்த பிள்ளை. அம்மாவின் ரத்தம் ஒரு சொட்டும் அவனுக்குள் இல்லை. அப்படியென்றால் இது கற்றுக்கொண்டது. கற்றுக்கொண்டதைச் சொல்லிக் கொடுக்காமல் விட்டால் தன்னோடு போய்விடும்.

அதனால் வாலு பிறந்ததிலிருந்து இந்தப் பக்கம் கூட்டி வரவே இல்லை. ஒரு தடவை கண்ணில் காட்டுடா என்று அம்மா போனில் கெஞ்சுவாள். அவன் எதையாவது சொல்லித் தட்டிக் கழிப்பான். மகள் எதிரில் கை பரபரத்தால் சட்டைப் பைக்குள் விட்டுக்கொள்வான்.

வேலையை ஆரம்பித்தான். சுரண்டுவதற்கு முன்னால் விரலை மடக்கிச் சுவரைத் தட்டிப் பார்ப்பது பெயிண்டர் வழக்கம். பூச்சு விட்டுப்போயிருந்தால் வெறும் பானையைத் தட்டினது போலக் கேட்கும். கை அதுபாட்டுக்குத் தட்டிக்கொண்டே நடுச்சுவருக்கு வந்தது.

டக். டக்.

அந்தப் பக்கத்திலிருந்து பதில் வந்தது.

டக். டக்.

வாலுவின் சேட்டை என்று சிரித்துக்கொண்டான். "அங்க என்னடி பண்றே?"

"இங்கதானேப்பா இருக்கேன்."

குரல் முதுகுக்குப் பின்னாலிருந்து வந்தது. வாசற்படியில் உட்கார்ந்து டப்பா மூடியை உருட்டிக்கொண்டிருந்தாள்.

சுவர் மறுபடி தட்டியது. இந்தத் தடவை அவசரமாய். பதில் கேட்கிற தட்டு.

அவன் கை தானாக எழுந்தது. அப்போதுதான் மகள் தன் முகத்தையே பார்ப்பது தெரிந்தது. இந்தப் பிள்ளையின் கண்ணெதிரே அந்தச் சுவருக்குப் பதில் சொல்லக் கூடாது. கையைப் பைக்குள் விட்டுக்கொண்டான்.

"எலி" என்றான். சிரிக்கவும் செய்தான்.

தட்டுவது நின்றது.

பின்னறைக் கட்டிலை அம்மா போனதுமே தூக்கிக் கொடுத்தாகிவிட்டது. ஆனாலும் கட்டில் முனகியது. ஆள் எழுந்திருக்கும் முனகல்.

பிறகு, தரையைத் தேய்த்துக்கொண்டு வரும் கால்.

தைல வாடை முன்னறைக்கு வந்தது.

வாளியை அப்படியே போட்டான். மகளின் கையைப் பிடித்துத் தெருவுக்கு வந்தான். பஸ் கிளம்பின பிறகுதான் மூச்சு சீரானது. அசதியில் கண்ணை மூடினான்.

மூக்குக்குக் கீழே ஒரு விரல்.

சின்ன விரல்.

"மூச்சு வருதான்னு பார்த்தேன்பா" என்றாள் வாலு.

"யாருடி சொல்லிக் குடுத்தா?"

"அந்தப் பாட்டிதான். நீ பதில் சொல்லலன்னு அழுதாங்க."

வாலு ஜன்னலோடு ஒட்டிக்கொண்டு, எட்டிக் கையை நீட்டியிருந்தாள். இரண்டு பேருக்கும் நடுவில் இன்னொரு ஆள் உட்காரும் இடம் விட்டிருந்தாள்.

மறுநாள் காலையில் அவன் வேலைக்குக் கிளம்பியபோது, ஒருநாளும் திரும்பிப் பார்க்காத பிள்ளை சட்டை நுனியைப் பிடித்துக்கொண்டாள்.

"வந்துடுவல்லப்பா? கண்டிப்பா வந்துடுவல்ல?"

பெண்டாட்டி அடுக்களையிலிருந்து எட்டிப் பார்த்தாள். "நீங்கதான் பழக்கி விட்டீங்களா?" என்று மெல்லக் கேட்டாள். சத்தியமாய் இல்லை என்றான். அது உண்மைதான். பாட்டியின் ரத்தமும் இல்லை, அவன் சொல்லிக் கொடுக்கவும் இல்லை. பின்னே எந்த வழியாய் வந்தது?

கதவைச் சாத்திக்கொண்டு வெளியே வந்தான். படி இறங்குவதற்குள் உள்ளிருந்து சத்தம் கேட்டது.

டக். டக்.

கதவின் கீழ்ப்பாதியில், பிஞ்சு விரல். இத்தனை வருஷம் பைக்குள் வைத்திருந்த கையை எடுத்தான். பிள்ளையைத் தவிக்கவிட அவனுக்கு மனசு வரவில்லை. குனிந்து இரண்டு தட்டு தட்டினான். உள்ளே குழந்தை நிம்மதியாய் மூச்சு விட்டது.

உடனே இன்னொரு கை தட்டியது.

மேலே, அவன் தோள் உயரத்தில். அவசரமாய்.

அடுக்களையில் பெண்டாட்டி பாத்திரம் தேய்க்கும் சத்தம் நிற்காமல் கேட்டுக்கொண்டிருந்தது.