மழை வந்ததும் உடை!

ர்ர்ர்ர்… ர்ர்ர்ர்…

கலைக்கூடத்தின் சின்னத் தியேட்டரில், கதாநாயகி அழத் தொடங்கிய நொடியில் ஒரு செல்போன் அதிர்ந்தது.

"உஷ்ஷ்ஷ்!" முன்வரிசை மொத்தமும் திரும்பி முறைத்தது.

ரிட்டயர்டு சினிமா ஆபரேட்டர், போனோடு சீட்டுக்கு அடியில் தலையைக் கவிழ்த்தார்.

"ஏண்டா மாப்ளே, உயிரை வாங்குறே?"

"சுத்தியலைத் தூக்கிட்டே நிக்கிறேன் மாமா. கை மரத்துப் போச்சு. மழை எப்போ?"

"புள்ளி இன்னும் வரலடா. வை!"

மாப்ளே, அவர் மனைவியின் தம்பி. அடுத்த அறையில், கண்ணாடிப் பெட்டிக்குள் இருந்த மரகதச் சிலைக்கு எதிரே நின்றிருந்தான். அலாரம் ஒயரை நறுக்கியாகிவிட்டது. பாக்கி, கண்ணாடி மட்டும்!

திட்டம் ஆபரேட்டருடையது. இப்போது புதுப்பித்துத் திரையிடும் இந்தப் பழைய பிரிட்டிஷ் படத்தை, ஒரு காலத்தில் டாக்கீஸில் மாதக்கணக்கில் ஓட்டியவர். ரீல் முடியப்போனால் திரையின் மூலையில் ஒரு புள்ளி மின்னும். உடனே அடுத்த புரொஜெக்டரைத் தட்ட வேண்டும். விட்டால் திரை வெள்ளை… விசில்… செருப்பு! அதனால் கேபினில் அவர் கதையைப் பார்த்ததே இல்லை. புள்ளியைத்தான் பார்த்தார்.

ஒன்று மட்டும் ஞாபகம். மூன்றாவது ரீலில் புள்ளி வந்ததும் மழை கொட்டும். காதைக் கிழிக்கும் இரைச்சல். அப்போது அவர் ஒரே ஒரு ரிங் கொடுப்பார். மாப்ளே உடைப்பான். யாருக்கும் கேட்காது!

பிசகினால்… இருவருக்கும் ஜெயில்.

புள்ளி வரவில்லை. கதாநாயகி அழுது முடித்து, கல்யாணமும் செய்துகொண்டு, மறுபடி அழ ஆரம்பித்துவிட்டாள்!

வியர்த்துப்போய், பக்கத்து சீட் கண்ணாடிக்காரப் பெண்ணிடம் குனிந்தார்.

"ஏம்மா… மூலையில ஒரு புள்ளி வருமே?"

"அட, கவனிச்சீங்களா! அதெல்லாம் நான்தான் சார் துடைச்சேன். படத்தைப் புதுப்பிச்சது எங்க டீம்தான்."

"சரி… மழை சீன் எப்போ?"

"இந்தப் படத்துல ஏது சார் மழை?"

"சோன்னு கொட்டுமே! என் கண்ணால பார்த்தேனே!"

அவள் வாயைப் பொத்திச் சிரித்தாள்.

"அது ஃபிலிம்ல விழுந்த கீறல் சார்! ரீல் முடியற இடம்தானே ரொம்பத் தேயும்? அந்த இரைச்சலும் அதோடதுதான். எல்லாத்தையும் எடுத்துட்டோம். இப்போ குண்டூசி விழுந்தாக்கூடக் கேட்கும்!"

திரையில் பளீரென்று வெயில். மயான அமைதி!

ஐயோ… அவனை நிறுத்தணும்! ஆபரேட்டர் அவசரமாக நம்பரைத் தட்டினார்.

ஒரு ரிங் போனது.

அப்புறம்தான் உறைத்தது…

சிலீர்ர்ர்!

அரங்கமே துள்ளி எழுந்தது. கடைசி வரிசையில் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்த செக்யூரிட்டி பாய்ந்து ஓடினார். திரும்பி வந்தபோது அவர் பிடியில் மாப்ளே!

"நீங்கதானே மாமா ரிங் கொடுத்தீங்க?" கூட்டத்துக்கு நடுவே கத்தினான். "இப்போ அக்காவுக்கு யார் பதில் சொல்றது?"

செக்யூரிட்டியின் இன்னொரு கை, ஆபரேட்டரின் காலரில் விழுந்தது.

ஆபரேட்டர் திரையை ஏக்கத்தோடு பார்த்தார். முதல் முறையாக, மூலையை அல்ல!

"ஒரு நிமிஷம் சார்… அந்தப் பொண்ணு கடைசியில புருஷனை மன்னிச்சிடுவாளா?"

"அவ மன்னிச்சிடுவா. உங்க வீட்டம்மாதான் சந்தேகம்!"