மாவுக்கட்டு வரைபடம்

"விளையாட இடம்னு ஒண்ணு இந்த நகர்ல இருந்தா கண்டுபிடிச்சுக் காட்டு, பார்க்கலாம்!"

அம்மா இப்படிச் சவால் விட்டதும் சங்கவி துள்ளி எழுந்தாள். போன வாரம் தெருவில் பந்தைத் துரத்தி ஓடிய தம்பி கபியை ஒரு பைக் தட்டிவிட்டது. ஐந்து வயசுப் பயலின் இடது கையில் இப்போது மாவுக்கட்டு. கை வலி இரண்டு நாளில் போய்விட்டது. பேச்சுதான் திரும்பி வரவில்லை. வாய் ஓயாத பிள்ளை, பால்கனிக் கம்பியைப் பிடித்தபடி சும்மா நின்றான்.

"தேடறதுக்காவது வெளிய விடும்மா!"

"இன்னிக்கு ஒரு சாயங்காலம். விளக்கு வைக்கறதுக்குள்ள வந்துரணும். கிடைக்கலேன்னா லீவு முழுக்க வீட்டுக்குள்ளதான். தெருவுல விளையாடற கதையே இனிமே கிடையாது."

கீழ் வீட்டு நஸ்ரினும் சேர்ந்துகொள்ள, படை கிளம்பியது. ஆனால் பாருங்கள், எப்பேர்ப்பட்ட சாகச வீரராக இருந்தாலும் அம்மா கொடுக்கிற இஸ்திரித் துணி மூட்டையிலிருந்து தப்ப முடியாது. அதனால் முதல் பயணம் தெருமுனையில் இருந்த பச்சையம்மா அக்காவின் இஸ்திரி வண்டிக்குத்தான்.

சங்கவி துணியை எண்ணிக் கொடுப்பதற்குள் கபி வண்டிக்குப் பக்கத்தில் கிடந்த சாக்கில் மல்லாந்து படுத்துவிட்டான். நிழலுக்காகக் கட்டியிருந்த பழைய ஃப்ளெக்ஸ் வழியாக வெயில் இறங்கி அவன் முகத்தில் பச்சையும் நீலமுமாக விழுந்தது.

"அக்கா, மேல யானை இருக்கு."

ஒரு வாரத்துக்கு அப்புறம் வந்த முதல் பேச்சு! சங்கவியும் நஸ்ரினும் தடாலென்று அவன் பக்கத்தில் படுத்தார்கள். எழுத்தெல்லாம் வெளுத்து மறைந்திருந்தது. வண்ணம் மட்டும் மிச்சம். மஞ்சள் மஞ்சளாகத் தெருக்கள், அவற்றின் நடுவே காளான் மாதிரி ஒரு தண்ணீர்த் தொட்டி, இடப்பக்கம் நீல ஏரி, அதை ஒட்டிப் பச்சைத் துண்டு. அந்தப் பச்சைக்குள் ஒரு குட்டி யானை! காற்றில் ஃப்ளெக்ஸ் அசைய, யானை நடப்பது போலவே இருந்தது.

"அதுவா? நம்ம நகர்ல வீடு, மனை விக்கறவங்க மாட்டின படம். காத்துல விழுந்துச்சு, நிழலுக்கு ஆச்சுன்னு எடுத்துக் கட்டிட்டேன்" என்றாள் பச்சையம்மா. "பச்சைன்னா பூங்காதான் கண்ணு."

நஸ்ரின் ஸ்கெட்ச் பேனாவை எடுத்தாள். காகிதம்? யாரிடமும் இல்லை. கபி பெருமையாகக் கையை நீட்டினான். மாவுக்கட்டின் மேல் தெருக்கள் ஓடின, ஏரி நிறைந்தது, யானையும் ஏறி நின்றது. வரைபடத்தை விட்டுவிட்டுப் புதையல் தேடப் போக முடியுமா? அதனால் கபிக்கு வழியெல்லாம் ராஜ மரியாதைதான்!

நகர் நடுவே இருந்த நிஜத் தண்ணீர்த் தொட்டியிலிருந்து இடப்பக்கம் திரும்பி நடந்தார்கள். நடந்தார்கள், நடந்துகொண்டே இருந்தார்கள். ஏரியைக் காணோம். இருபுறமும் மாடி வீடுகள்தான்.

"ஏரி எங்கடி?" என்றாள் சங்கவி.

"மூடிட்டு வீடு கட்டியிருப்பாங்க. நம்ம ஊர்ல ஏரி காணாமப் போறது என்ன புதுசா?"

அதுவும் சரிதானே என்று மூவரும் தலையாட்டிக்கொண்டு மேலே நடந்தார்கள். பச்சை இருக்க வேண்டிய இடத்தில் உயரமான இரும்புக் கதவு நின்றது. உள்ளே புத்தம்புது ஊஞ்சல்கள், சிவப்புச் சறுக்கு! கபி கம்பிக்குள் மூக்கை நுழைத்தான்.

"உள்ள குடியிருக்கறவங்களுக்கு மட்டும்தான்மா. கிளம்புங்க, பார்த்தா என்னைத்தான் திட்டுவாங்க" என்றார் காவலாளி, பாவம், தயங்கித் தயங்கி.

வானம் சிவக்கத் தொடங்கியிருந்தது. கபியின் முகம் மறுபடி பால்கனி முகமாக மாறிவிட்டது. தம்பிக்கு ஒரு யானையைக் காட்டிவிட்டுப் பறிக்கிறோமே என்று சங்கவிக்குத் தன் மேலேயே கோபம் வந்தது.

வாசலில் நின்ற காரின் கண்ணாடியில் கபி தன் கையைத் தூக்கிப் பார்த்தான். "அக்கா, இதுல ஏரி அந்தப் பக்கம் போயிடுச்சு."

சங்கவி குனிந்து பார்த்தாள். ஆமாம்! கண்ணாடிக்குள் ஏரி வலப்பக்கம் இருந்தது. அவள் தலையில் படாரென்று அடித்துக்கொண்டாள்.

"அடக் கடவுளே! நாம கீழ படுத்துக்கிட்டுப் பார்த்தோம்! அது படத்தோட முதுகுடி! இடம் வலம் எல்லாம் மாறிடுச்சு! ஏரியை யாரும் மூடல, ஓடுங்க!"

ஓடினார்கள். தொட்டியைத் தாண்டி வலப்பக்கம். தார் ரோடு மண் பாதையானது. வண்டிச் சத்தம் ஒவ்வொன்றாகப் பின்னால் நின்றுவிட்டது. பிறகு, மெல்ல, ஏரி வந்தது. தண்ணீர் முழுக்கச் செவ்வானம். நீர்க்கோழி ஒன்று அதைக் கிழித்துக்கொண்டு நீந்த, பின்னாலேயே அது மூடிக்கொண்டது. காற்று ஈரமாகக் கன்னத்தைத் தொட்டது. பேசினால் கலைந்துவிடுமோ என்று சங்கவிக்குப் பயம்.

கரையை ஒட்டிச் சீமைக்கருவேல முள் சுவர் போல் நின்றது. ஆடுகள் நுழைந்து நுழைந்து ஒரு பொந்து ஆக்கியிருந்தன.

"கபி, கை பத்திரம்! தலையைக் குனி!"

தவழ்ந்து உள்ளே போனார்கள். உள்ளே வேறு உலகம்! பச்சை வெளிச்சம், உதிர்ந்த பூ மெத்தை, துருப்பிடித்த ஊஞ்சல் கம்பம். நட்ட நடுவில், காதெல்லாம் கொடி படர, முதுகில் பாசி பூக்க, தும்பிக்கையைச் சறுக்காக நீட்டிக்கொண்டு ஒரு சிமெண்ட் யானை!

கபி அதன் தும்பிக்கையில் கையை வைத்தான்.

"தூங்குது. சத்தம் போடாதீங்க" என்று கிசுகிசுத்தான்.

அவ்வளவுதான். திரும்பி வரும் வழியெல்லாம் பேச்சு, பேச்சு, வாய் மூடாத பேச்சு! யானை என்ன சாப்பிடும், எப்போது எழுந்திருக்கும், அதற்கு மாவுக்கட்டு போட்டால் எவ்வளவு மாவு வேண்டும்? விளக்கு வைக்கிற நேரத்தில் வீட்டுக்குள் நுழைந்த அந்தச் சத்தத்தைக் கேட்டு அம்மா சமையலறையிலேயே அப்படியே நின்றுவிட்டாள்.

மறுநாள் காலையில் அம்மாவும் முள்ளுக்குள் தவழ்ந்தாள். யானையைப் பார்த்தவள் அதன் காதில் படர்ந்திருந்த கொடியை மெல்ல விலக்கினாள்.

"இந்த யானையைக் காட்டித்தான் நமக்கு வீட்டை வித்தாங்க" என்றாள். "புதுசுல நானும் விசாரிச்சேன். ஏரிப் பக்கம் வெறும் முள்ளுதான்னு சொன்னாங்க. ஏமாந்துட்டோம்னு விட்டுட்டேன். ஒரு எட்டு வந்து பார்த்திருக்கலாம்." முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். பிறகு சுற்றிலும் பார்த்தாள். "ஆனா இந்த முள்ளுக்குள்ள உங்களை விளையாட விடமாட்டேன்."

மூவருக்கும் உயிரே போய்விட்டது. அம்மா முந்தானையை இழுத்து இடுப்பில் செருகினாள்.

"நஸ்ரின், உங்க வீட்ல அரிவாள் இருக்கா?"

அந்த ஞாயிற்றுக்கிழமை தெருவே திரண்டு வந்தது. முள் போயிற்று, கண்ணாடிச் சில்லும் குப்பையும் போயின, ஊஞ்சலுக்குப் புதுக் கயிறு வந்தது. கபியின் கட்டைப் பிரித்த அன்று தும்பிக்கையில் முதலில் சறுக்கியது அவன்தான். கட்டைத் தூக்கிப்போட விட்டானா? அது அவன் கட்டிலுக்கு மேல் தொங்குகிறது.

இப்போதும் புதுசாகக் குடிவரும் பிள்ளைகள் வழி கேட்டால் கபிதான் ஓடி வந்து சொல்கிறான்:

"டேங்க்லேர்ந்து வலப்பக்கம் போங்க. ஏரி வரும். இல்லைன்னு யாராச்சும் சொன்னா நம்பாதீங்க, நீங்களே போய்ப் பாருங்க!"