போகும்போது சொல்கிற உபசாரம்

காலையிலிருந்து அடுப்பையே பற்றவைக்கவில்லை என்று வீட்டுக்காரி மேலீன் சத்தியம் செய்தாள். ஆனால் அதன்மேல் இருந்த இரும்புச் சட்டியைத் தொட்ட ஆர்டித்துக்கு விரல் சுட்டது. யாரோ சமைத்து இறக்கி, பரிமாறியும் முடித்து, இனிக் கழுவலாம் என்று வைத்திருக்கும் பாத்திரத்தின் சூடு. பன்றிக்கொழுப்பில் வெங்காயம் வதங்கிய வாசனை வேறு அடுக்களை முழுக்க நின்றது.

ஆர்டித்துக்குப் பயத்தைவிட அலுப்புதான் முதலில் வந்தது. பேய் இருப்பதாகச் சொல்லும் வீடுகளில் போய் உட்கார்ந்து, அங்கேயே சமைத்து, கண்டதையும் கேட்டதையும் புத்தகமாகப் போடுவது அவள் பிழைப்பு. ஒரு பக்கம் பேய், மறுபக்கம் அந்த வீட்டுச் சமையல் பக்குவம். மிசிசிப்பியின் இந்தப் பக்கம் முழுக்க அலைந்தும் அகப்பட்டதெல்லாம் எலி, ஓட்டைக் குழாய், குடித்துவிட்டு வந்து கதவைத் தட்டும் மாமனார்.

"பேய் பொய்னா கூட ஜனங்க மன்னிச்சிருவாங்க, அண்ணி. ரொட்டி உப்பலைன்னாதான் கிழிச்சு எடுப்பாங்க" என்றான் க்ளோவிஸ். அவள் கணவனின் தம்பி. ஒலிப்பதிவுக் கருவியைச் சுமப்பவன்.

"வாயை மூடிட்டு அந்தக் கீரையை ஆய்ஞ்சு குடு. இருட்டுறதுக்குள்ள நான் வீட்டுக்குப் போகணும்."

வீட்டில் அவள் கணவன் ட்யூவி காத்திருப்பான். பக்கவாதம் வந்து விழுந்தவன். வருடக்கணக்காக அவள்தான் ஊட்டுகிறாள். சோளக் கஞ்சியைக் கரண்டியில் எடுத்துக் கொண்டுபோனால் பல்லைக் கடித்துக்கொள்வான். கெஞ்சினால் துப்புவான். ஒரு கிண்ணம் இறங்குவதற்குள் அவளுக்குத் தன் சாப்பாடே மறந்துபோகும்.

மேலீன் சிரிக்கவில்லை. இடுப்பிலிருந்த குழந்தையை முன்னால் நீட்டினாள்.

"இவளைப் பாருங்க, மிஸ் ஆர்டித். தட்டுல எதை வெச்சாலும் வயிறு ரொம்பிருச்சுங்குறா. யாருடி ஊட்டுனாங்கன்னா அடுக்களையில அந்தக் காலி நாற்காலியக் காட்டுறா. கடவாய்ல சோளமாவு ஒட்டியிருக்கு. ஆனா நாளுக்கு நாள் தேஞ்சுக்கிட்டே போறா. டாக்டர் வயித்துல ஒண்ணுமே இல்லங்குறாரு."

ஆர்டித் அந்த மணிக்கட்டைப் பிடித்துப் பார்த்தாள். பிடியில் ஒன்றுமே இல்லை. குழந்தை அவளைப் பார்த்து நிறைவாக ஓர் ஏப்பம் விட்டது. அதில் மோர் வாசனை அடித்தது. அப்போதுதான் அவளுக்கு நிஜமாகவே பயம் வந்தது.

பேயை விரட்டுவது அவள் வழக்கமில்லை. காராமணி வேகவைத்தாள், கீரையைக் கொழுப்போடு வதக்கினாள், ரொட்டியைச் சுட்டெடுத்தாள். காலி நாற்காலிக்கு முன்னால் ஒரு தட்டு வைத்துப் பரிமாறினாள்.

"அம்மா, உங்க கைப்பக்குவத்துல குறை சொல்ல வரல. இந்தப் பிள்ளைய மட்டும் விட்டுருங்க. அது பெத்தவ கையால சாப்பிடட்டும்."

நாற்காலி ஒருமுறை முனகியது. வெங்காய வாசனை, யாரோ மூடி போட்டது மாதிரி, அடங்கிப்போனது. வாசலிலிருந்து குழந்தை வீறிட்டது.

"பசிக்குதும்மா!"

மேலீன் முற்றத்திலேயே உட்கார்ந்து, அழுதுகொண்டே ரொட்டியைப் பிய்த்துப் பிய்த்து ஊட்டினாள். குழந்தை இரண்டு கையாலும் அள்ளித் தின்றது. க்ளோவிஸ் கருவியைச் சுருட்டிக்கொண்டு போய் வண்டியைக் கிளப்பினான்.

அந்தப் பக்கத்தில் விடைபெறுவதே ஒரு பெரிய கூத்து. போகிறவர் "வாங்களேன், எங்களோடயே வீட்டுக்கு வந்துருங்க" என்பார். இருக்கிறவர் "இன்னிக்கு முடியாதுங்க, நீங்க இருந்து சாப்பிட்டுப் போங்க" என்பார். யாரும் யாரோடும் போவதில்லை. சொல்லாமல் கிளம்பினால்தான் மனத்தாங்கல். பேச்சுப் பழகிய நாளிலிருந்து ஆர்டித் எத்தனையோ வாசலில் சொன்ன வார்த்தை.

அடுக்களை விளக்கை அணைத்துவிட்டுத் திரும்பியபோது நாற்காலி கண்ணில் பட்டது. உடம்பு அலுத்திருந்தது. வாய் தானாகச் சொன்னது.

"வாங்களேன், எங்களோடயே வந்துருங்க."

சொல்லிவிட்டுப் பழக்கத்தில் பதிலுக்கும் நின்றாள். இன்னிக்கு முடியாது என்று யாரும் சொல்லவில்லை. நாற்காலி மட்டும் மேஜையைவிட்டு மெல்லப் பின்னால் நகர்ந்தது.

"யாரைக் கூப்பிட்டீங்க, அண்ணி? மேலீன் வெளியில இல்ல இருக்கா?" என்று வண்டியிலிருந்தே கேட்டான் க்ளோவிஸ்.

"ஒண்ணுமில்ல. வண்டிய எடு."

வழியெல்லாம் இருவருக்கும் நடுவே இருக்கை வெதுவெதுப்பாக இருந்தது. ஜன்னலைத் திறந்தும் வெங்காய வாசனை போகவில்லை. க்ளோவிஸ் கதவோரம் ஒட்டிக்கொண்டு ஓட்டினான்.

அவளை இறக்கிவிட்டதும் வண்டி பறந்தது. ட்யூவிக்குத் துணையிருந்த பக்கத்து வீட்டுக்காரி பையை மாட்டிக்கொண்டு வாசலில் நின்றாள். "இன்னும் சாப்பிடல. வாயே திறக்க மாட்டேங்குறாரு" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

உள்ளே சத்தம் கேட்டது. கரண்டி பீங்கானில் தட்டும் சத்தம்.

அடுக்களை. மேஜை. சக்கர நாற்காலியில் ட்யூவி.

வாய் திறந்திருந்தது.

மூடியது. மென்றது. தொண்டை ஏறி இறங்கியது. முன்னால் கிண்ணமில்லை. கரண்டியில்லை. மறுபடி திறந்தது. கண் மூடி, கன்னம் உப்பி, குழந்தை மாதிரி சந்தோஷமாக மென்றான்.

விட்டுருங்க என்று சொல்ல வேண்டும். சொன்னால் போகும். போனதை இன்றைக்குத்தானே பார்த்தாள். எதிரே இருந்த நாற்காலியைப் பிடித்துக்கொண்டாள். உட்கார்ந்தாள். இன்றைக்கு ஒருநாள் தான் ஊட்ட வேண்டாம் என்று தோன்றியது. அந்த நிம்மதியில் அவளுக்கு அழுகையே வந்துவிட்டது.

அவள் முகவாயை ஒரு கை தொட்டது. வெதுவெதுப்பான கை. எத்தனை காலம் ஆயிற்று, யாராவது அவளைச் சாப்பிட்டாயா என்று கேட்டு.

விட்டுருங்க என்று சொல்லத்தான் வாயைத் திறந்தாள்.

நாக்கில் சூடாக, மெத்தென்று ஏதோ வந்து விழுந்தது. உப்பு சரியாக இருந்தது. விழுங்கினாள்.

ட்யூவி திறந்தான். அவள் திறந்தாள். இருட்டிக்கொண்டு வந்த அடுக்களையில் இருவரும் எதிரெதிரே, வாயைப் பிளந்தபடி, அடுத்த கவளத்துக்காகக் காத்திருந்தார்கள்.