விலைக்கு வாங்கிய முந்நூறு லிங்க்

ஏழாவது பக்கம்... இல்லை. எட்டாவது... ஐயோ, இல்லை!

பிரவுசிங் சென்டரில் சங்கரி மவுஸைப் போட்டு அடித்துக்கொண்டிருந்தாள். 'காஞ்சிபுரம் பட்டு' என்று கூகுளில் தேடினால் போன வாரம் முதல் பக்கத்திலேயே வந்த அவள் வெப்சைட், இன்று அடியோடு காணோம்!

"மவுஸ் பாவம்... அது என்ன பண்ணும்?"

தடுப்புப் பலகைக்கு மேலே இரண்டு கண்கள். மழைத்துளி சொட்டும் இமைகள்... நெற்றியில் இட்ட ஸ்ரீசூர்ணம் நனைந்து கரைந்து மூக்கு நுனிவரை இறங்கியிருந்தது. அவளுக்குச் சிரிப்பு முட்டியது. அடக்கிக்கொண்டாள்.

"உங்க வேலையைப் பாருங்க சார்."

"அதுக்குத்தான் வந்தேன். மழையில வீட்டு லைன் போயிடுத்து. ஸ்ரீகர்... சின்ன காஞ்சிபுரம். வெப்சைட் வேலைதான் பண்றேன். பக்கம் பக்கமா தேடறேளே, சைட் காணாமப் போயிடுத்தா? மத்த சைட்லேர்ந்து உங்க சைட்டுக்கு ஆள் அனுப்பற லிங்க் ஏதாவது விலைக்கு வாங்கினேளா?"

தூக்கிவாரிப் போட்டது. இவனுக்கு எப்படி...?

"முந்நூறு வாங்கினேன். அதுக்கின்னா? ஆட்டோக்காரருக்குக் கமிஷன் குடுத்தா, கோயிலுக்கு வந்தவங்களை ஜவுளிக்கடைக்கு இட்டுக்கினு வர்றாங்கல்ல? அதேதான் இதுவும்!"

"ஆட்டோவில ஆள் வந்தா சரி. முந்நூறும் காலி ஆட்டோவா வந்து வாசல்ல நின்னா?" மேஜையில் கிடந்த அவள் லிங்க் பட்டியலை எட்டிப் பார்த்தான். "சீட்டாட்ட சைட், வழுக்கைத் தலை மருந்து... இவாள்லாம் பட்டுப்புடவைக்குச் சிபாரிசுன்னா எவன் நம்புவான்? கொஞ்ச நாள் மேல ஏத்திவிடும். கூகுள்காரன் கண்டுபிடிச்சா மொத்தமா தூக்கிடுவான்."

"இப்ப... இன்னா பண்றது?" குரல் உடைந்தது.

அப்பா சபாபதி நெய்யும் புடவைக்குத் தீபாவளிக்குள் வெப்சைட் வழியாக ஒரே ஒரு ஆர்டராவது வர வேண்டும். வராவிட்டால் சேலத்து மாப்பிள்ளைக்குத் தலையாட்ட வேண்டும். அப்பாவிடம் வாய்த்துடுக்காக அவளே போட்ட பந்தயம்! இன்னும் முப்பத்தைந்தே நாள்...

"முந்நூறு பேருக்கும் மெயில் போட்டு லிங்க்கை எடுக்கச் சொல்லணும். அப்புறம், காசு கொடுத்து வாங்கினேன், தப்புதான்னு கூகுளுக்கு எழுதணும்."

"தப்பா? நானா? அதுக்கு வேற ஆளைப் பாருங்க!"

கொட்டும் மழையில் விடுவிடுவென்று இறங்கிப் போனாள்.

மறுநாள் அதே நேரம். அவன் பக்கத்தில் நாற்காலி இழுபடும் சத்தம்.

"கடுதாசி டைப் பண்ணிட்டேன்..." ஸ்ரீகரின் முகத்தைப் பார்க்காமலே சொன்னாள். "தப்புங்கிற வார்த்தையை மட்டும் நீங்களே அடிங்க. என் விரல் போகமாட்டேங்குது."

அடித்தான். சிரிக்கவில்லை. அதுதான் அவளுக்கு மிகவும் பிடித்தது...

தினமும் பதினைந்து மெயில். பட்டியலிலிருந்து அன்றைய பெயர்களைத் தாளில் எழுதி வந்து அவன் படிப்பான், அவள் தட்டுவாள். நடுவே சேலத்துப் பந்தயத்தையும் சொல்லிவிட்டாள். பாதி லிங்க் கழன்றதும் கடிதமும் போயிற்று.

"சைட் திரும்ப வந்துடுத்தா?" என்று தினமும் கேட்பான்.

"ஊஹூம்..." என்று தலையாட்டுவாள். அவனும் ஏனோ தானாகத் தேடிப் பார்க்கவில்லை. அவள் வாயாலேயே கேட்க ஆசை போல.

தீபாவளிக்கு முந்தின நாள். அவன் தாளை எடுத்தான். படிக்கவில்லை.

"கெடு முடிஞ்சுதே சங்கரி... சேலத்துக்கு என்ன சொல்லப் போறே?"

முதல் முறையாக ஒருமை! அவள் விரல்கள் கீபோர்டிலேயே நின்றுவிட்டன.

"பொய் சொல்லிட்டேங்க... சைட் திரும்பி வந்து எட்டு நாளாச்சு. ரெண்டு ஆர்டர் வந்திருக்குது. சேலத்துக்கு வேணாம்னு அப்பா அன்னிக்கே போன் பண்ணிட்டாரு."

"எங்கிட்ட ஏன் சொல்லலை?"

"சொன்னா வேலை முடிஞ்சுதுன்னு நீங்க போயிடுவீங்களே!" கண் நிறைந்து திரை மங்கியது. "எனக்கு நீங்க தெனம் வரணும்... எப்பவும் வரணும். போதுமா?"

வெளியே மழை சடசடத்தது. ஸ்ரீகரின் காது மடல்கள் சிவந்துபோயின. கையிலிருந்த தாளை அவள் பக்கம் மெல்ல நகர்த்தினான்.

"முந்நூறு பேரும் தீர்ந்து பன்னிரண்டு நாளாச்சு, சங்கரி. அதுக்கப்புறம் பழைய பேரையே மேல கீழ மாத்தி எழுதிண்டு வரேன்..."